சர்வரை நிறுத்தினால் என்ன ஆகும்

டில்லி நேரு பிளேஸில் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கிளவுட் சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனி. கிளவுட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு கட்டடத்தில் குளிரூட்டிய அறையில் நிற்கும் பெரிய கம்ப்யூட்டரைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறையும் தனி மெஷின் மாதிரி ஆளுக்கொன்றாக வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலை. ஒரே கேள்விகளைத்தான் எல்லாரும் கேட்பார்கள். உள்ளே போகும் சாவிக் கோப்பைத் தொலைத்துவிட்டேன், இன்னொன்று தருவீர்களா? நேற்றிருந்த முகவரி இன்று ஏன் மாறிவிட்டது? டிஸ்கைப் பெரிதாக்கினேன், திரும்பச் சின்னதாக்க முடியுமா? இவற்றுக்கெல்லாம் ஒரே பக்கத்தில் பதில் எழுதிப் போடச் சொல்லி போன வருஷம் என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். நான் எழுதியதை ஊரே படிக்கப்போகிறது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதில் ஒன்பதாவது கேள்வி: 'என் சர்வரை நிறுத்தினால் அதில் உள்ளது என்ன ஆகும்?' நான் எழுதிய பதில் இரண்டு வரி. நிரந்தர டிஸ்கில் வைத்தது இருக்கும். தற்காலிக டிஸ்கில் வைத்தது மொத்தமும் அழிந்துபோகும், எங்களாலும் மீட்க முடியாது.

மேலாளர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அழியும், போகும், முடியாது என்றெல்லாம் எழுதினால் வாங்க வருகிறவன் பயந்து ஓடிவிடுவான் என்றார். அவரே திருத்திப் போட்டார். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தற்காலிக டிஸ்க், தற்காலிகப் பயன்பாட்டுக்கு மிகவும் உகந்தது.' இதில் பொய் ஒன்றுமில்லை. யாருக்கும் எதுவும் புரியவும் புரியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பிறந்து வளர்ந்தது ரயில் பாதையோரம் இருந்த ஒரு குடிசைப் பகுதியில். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜனம். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் பணக்காரர்களின் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கிற, சமைக்கிற வேலை. போன வெயில் காலத்தில் அதை இடித்துத் தள்ளினார்கள். மாற்று வீடு கிடைக்க வேண்டுமென்றால், பல வருஷங்களுக்கு முன்னால் சர்வே எடுத்தபோது வீட்டுக்கு வீடு கொடுத்த ஒரு துண்டுச் சீட்டைக் காட்ட வேண்டும். பர்ச்சி என்போம். அது இருந்தால்தான் நீ அங்கே இருந்தாய். இல்லாவிட்டால் முப்பது வருஷம் இருந்திருந்தாலும் நீ அங்கே இல்லை.

இந்தக் காகித வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது எங்கள் வரிசையில் இருந்த ஒரு அக்கா. எட்டாவது வரைக்கும் படித்தவள். காலையில் இரண்டு வீட்டில் சமையல், அது முடிந்ததும் ஒரு வாடகை அறையில் பழைய லேப்டாப்போடு உட்கார்ந்து மனு எழுதுவாள். மாற்று வீட்டுக்கான விசாரணைக்குத் தேதி வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். நாற்பத்தேழு குடும்பத்துப் பர்ச்சியையும் ஸ்கேன் எடுத்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும், லேப்டாப் எப்போது சாகும் என்று தெரியாது, நீதான் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாயே என்றாள்.

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சில மாதம் இலவசமாக ஒரு சர்வர் கொடுப்பார்கள். அக்கா பெயரில் ஒன்று எடுத்தேன். அதோடு வந்த நிரந்தர டிஸ்க் ரொம்பச் சின்னது. தற்காலிக டிஸ்க் பெரியது, வேகமானது. இப்போதைக்கு இதில் ஏற்றிவிடலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு இதையே செய்யாதே என்று சொல்கிறவன் நான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்கேன் எடுத்தோம். லேப்டாப்பில் இடமில்லாததால் சர்வரில் ஏற்றியதை அதிலிருந்து அழித்துக்கொண்டே வந்தோம். ஜனம் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தாலும் பஸ் மாறி, மெட்ரோ மாறி வந்தார்கள். மேஸ்திரி மாமா பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று பிரித்துக்கொண்டே இருந்தார். இடித்த அன்று மழையில் நனைந்த சீட்டு. ஸ்கேனர் கண்ணாடியில் வைத்ததும் ஒட்டிக்கொண்டது. படம் அருமையாக வந்தது, நம்பர் பளிச்சென்று தெரிந்தது. எடுக்கும்போது சீட்டு துண்டு துண்டாகப் பிய்ந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போனது. நான்தான் தட்டிக்கொடுத்தேன். படம் வந்துவிட்டதே மாமா, இனிமேல் தீயே பிடித்தாலும் போகாது என்றேன்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் அக்காவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எப்படிப் பார்ப்பது, சர்வர் ஓடுகிறது என்று காட்டும் பச்சை விளக்கு எது, எது தொடங்கும் பொத்தான், எது நிறுத்தும் பொத்தான். விசாரணை வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது. பக்கம் திறக்கவில்லை என்றாள். நான் சிரித்துக்கொண்டே, பச்சை விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும், அதைப் பாரு, முகவரி மாறியிருக்கும், எல்லாரும் கேட்கிற கேள்விதான் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. நிறுத்தித் திரும்ப ஓட்டினால்தான் அந்த முகவரி மாறும்.

"அக்கா, நேத்து நீ அத நிறுத்துனியா?"

"ஆமாண்டா. ரூம் பூட்டும்போது எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன். காலைல வந்து திரும்பப் போட்டேன். ஏன்?"

ஏன் என்று அவளைக் கேட்க முடியாது. எங்கள் குடிசைகளில் மின்சாரம் கம்பத்திலிருந்து இழுத்த ஒயரில்தான் வரும். ஒரு தடவை ஆள் இல்லாத வீட்டில் ஒயர் உருகி, அந்த வரிசையில் நாலு வீடு எரிந்துபோனது. அன்றிலிருந்து அந்தப் பகுதியில் யாரும் மெயினை அணைக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அணைக்காமல் போனால் பக்கத்து வீட்டுக்காரர் காது கூசுகிற மாதிரி திட்டுவார். நானே அப்படித்தான் வளர்ந்தேன். வெளியே கிளம்பும்போது ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுப்போவது எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. பொத்தானைக் காட்டிக்கொடுத்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். காலியாக இருக்கிறது என்றாள். இன்னும் ஏறவில்லையா என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். நிறுத்தியதும் எல்லாம் அழிந்துவிட்டது என்று சொன்னேன். அப்புறம் மெதுவாகத்தான் பேசினாள்.

"நிறுத்துனா போயிடும்னு நீ சொல்லவே இல்லியேடா. பக்கத்துலதான உக்காந்திருந்த."

மேலாளரிடம் போனேன். வாடிக்கையாளர் ஒருவர் என்று சொல்லாமல் எங்கள் வீட்டு ஆட்கள் என்றே சொன்னேன். அந்த இடத்தை வேறு யாருக்கும் ஒதுக்குவதற்கு முன்னால் ஏதாவது எடுக்க முடியுமா என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாக இந்தியில், என்னப்பா, நீயே இப்படிக் கேட்டால் எப்படி, ஒன்பதாவது கேள்வியில் போட்டிருக்கிறோமே என்றார். உகந்தது என்று போட்டிருக்கிறோம், போய்விடும் என்று போடவில்லை என்றேன். என் குரல் உயர்ந்ததில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் ஆளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்றால் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்டார். எதிரில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து எறிந்துவிடுவேனோ என்று பயந்து கைகளை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கும் புரியக்கூடாது என்றுதானே அந்த வரியே எழுதப்பட்டது.

ஆனால் அவர்மேல் எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் அக்கா சொன்னது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. மேலாளர் அடித்தது கேள்வி-பதில் பக்கத்தில் இருந்த வரியை. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வாயை யார் அடைத்தார்கள்?

அன்று மதியமே லீவு போட்டேன். நாலு நாள் அக்காவும் நானும் அலைந்தோம். அக்கா சமையல் வீடுகளில் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டாள், ஒரு வீட்டில் வேலை போனது. வீடு வீடாகப் போய்ப் பர்ச்சியைத் திரும்பவும் போனில் படம் எடுத்தோம். சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மூணு தடவை பஸ் ஏறி வந்தோமே, அதெல்லாம் விளையாட்டா என்று ஒரு அம்மா கதவைப் பாதி திறந்தபடியே திட்டித் தீர்த்தாள். திட்டிவிட்டு டீ கொடுத்தாள். வியாழக்கிழமை இருட்டுவதற்குள் நாற்பத்தாறு சீட்டு சேர்ந்துவிட்டது.

மேஸ்திரி மாமாவிடம் கடைசியாகத்தான் போனோம். எங்களுக்குத் துணிச்சல் இல்லை. அவர் துரும்பைக் கிள்ளியபடி முழுவதையும் கேட்டார். பிறகு, அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்றார். இதுவும் என் கேள்வி-பதில் பக்கத்தில் உள்ள கேள்விதான். பாதுகாப்புக் காரணத்தால் இடம் சொல்ல மாட்டோம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

"நொய்டாப் பக்கம் இருக்கும் மாமா."

"ஜன்னலே இல்லாம பெருசா இருக்குமே, அதா? அந்த மாதிரி ஒண்ணுக்கு நான் தளம் போட்டிருக்கேன்டா. வா, போயி வாட்ச்மேன்கிட்ட பேசலாம். உள்ளதானே எங்கயாவது கெடக்கும்."

அக்காதான் சொன்னாள், எரிந்துபோன மாதிரி மாமா, சாம்பல்கூட இல்லை என்று.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. படங்கள் போய்விட்டாலும், எந்தப் பெயரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஒரு கோப்பு ஏறியது என்ற பதிவு நிரந்தர டிஸ்கில் தங்கியிருந்தது. கோப்புகளுக்குப் பர்ச்சி நம்பரையும் வீட்டுக்காரர் பெயரையும்தான் பெயராக வைத்திருந்தேன். அதை அச்செடுத்தேன். இது எங்கள் சர்வரில் உள்ள பதிவுதான் என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் மேலாளரிடம் கேட்டேன். ஒரு வாடிக்கையாளரின் தகவல் எங்களிடம் அழிந்தது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் யாராவது எழுதுவார்களா, பைத்தியமா என்றார். நீயும் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே, வேலை நிலைக்காது என்று அக்கறையாகவே சொன்னார். அந்த அக்கறையில்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

விசாரணை நடக்கும் ஆபீஸ் வாசலில் இருந்த டைப்பிஸ்டிடம் முத்திரைத்தாள் வாங்கி நானே எழுதினேன். இந்த நம்பருள்ள பர்ச்சியை இந்தத் தேதியில் நான் என் கண்ணால் பார்த்து ஸ்கேன் எடுத்தேன். மூலச் சீட்டு ஸ்கேன் எடுக்கும்போது கிழிந்தது. படத்தைத் தங்காத இடத்தில் வைத்ததும், நிறுத்தினால் அழிந்துவிடும் என்று சொல்லாமல் விட்டதும் நான். என் தவறால்தான் அது இப்போது இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, கம்பெனி அடையாள அட்டையின் நகலையும் சேர்த்துப் பின் குத்தினேன்.

நாற்பத்தாறு பேருடையது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மாமாவின் முறை வந்ததும் அதிகாரி என் தாளைப் படித்தார். அச்செடுத்த பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பர்ச்சி எங்கே என்றார். அதுதான் எழுதியிருக்கிறதே என்றேன். சார் என்று சேர்க்க மறந்துபோனேன், அல்லது சேர்க்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளைக் கோப்போடு சேர்த்துக் கட்டினார். நிலுவை என்று மேலே எழுதி, இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். தள்ளுபடி இல்லை. ஏற்கவும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மாமா என்னிடம் இருந்த நகலை வாங்கி, இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் படி என்றார். வரிவரியாகச் சொன்னேன். என் தவறால் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அத ஏன்டா எழுதுன?"

"அதான் மாமா நடந்தது."

"உனக்கு வேல போயிடும்ல?"

போகலாம் என்றேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சீட்டு கிழிந்தபோது வராத கோபம், படம் போனதைச் சொன்னபோதும் வராத கோபம். கழுத்து நரம்பு புடைத்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படிக் கேட்டார்.

"ஊட்ட இடிச்சானுங்களே, அதுல ஒருத்தனாவது என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டானா? இங்க நீ ஒருத்தன்தான் போடணுமா?"

அக்கா அவர் கையைப் பிடித்து அமர்த்தினாள். அவர் உதறிவிட்டார். ஆனால் நகலைத் திருப்பித் தரவில்லை. நாலாக மடித்து, பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று சுருட்டாமல், சட்டைப் பாக்கெட்டில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். அடுத்த தேதியை ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்றைக்கும் நீ வரணும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றார்.

சரி என்றேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் தன் அறைக்கு வரச் சொல்லியிருந்த செய்தி போனில் வந்து கிடந்தது.