கிளட்ச் மிதித்த கால்

என் மூத்த மகன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள் நான். வாசலில் ஆம்பளைக் குரல் கேட்டாலே முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்றது. வாயில் வராதது எழுத்திலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவராக இருந்தவர். ஊருக்குத் திரும்பியதும் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். அப்போதே பழைய வண்டிதான். இப்போது அதை ரோட்டில் நிறுத்தினால் இளவட்டங்கள் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

அந்தக் காரை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஆனால் அதன் கிளட்ச் என் இடது காலுக்குத் தெரியும். எப்படி என்றால், ஒருமுறை புனலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, புளியறை செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. பெடல் தொப்பென்று தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. டிரைவர் ஆள் அல்லவா, சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புதுக் கேபிள் வைத்திருப்பார். அங்கேயே பானெட்டைத் திறந்து மாட்டினார். மாட்டியபின் அளவு பார்க்க உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும்.

"ஏளா, இறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காரு."

"நானா?"

"பின்ன, செக்போஸ்ட்டுக்காரரையா கூப்பிட?"

சுற்றிலும் லாரிக்காரர்கள். ஒருவர் டீ கிளாஸோடு வந்து நின்று, "என்ன பாய், வீட்ல ஓட்ட, நீங்க தள்ளப் போறியளோ?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"மிதி!" என்றார் இவர். மிதித்தேன். "விடு!" என்றார். பயத்தில் இன்னும் அழுத்தி மிதித்தேன்.

"விடுன்னா விடுட்டி!"

"எந்தக் காலை விட?"

லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அன்றைக்குப் பிறகு அது என் வேலையாகிவிட்டது. கேபிள் புழங்கப் புழங்க நீளும். வீட்டு முற்றத்தில் பானெட்டைத் திறந்து, கேபிள் முனையில் இருக்கிற நட்டை அவர் முறுக்குவார். நான் உள்ளே இருந்து மிதித்துப் பார்த்துச் சொல்வேன். பெடல் முதலில் இரண்டு விரல் அளவு சும்மா போக வேண்டும். அதற்குப் பிறகு கனம் தெரிய வேண்டும். சும்மா போகிற தூரம் கூடினால் கியர் விழாமல் கரகரவென்று கத்தும். தூரமே இல்லாமல் இறுகினால் கிளட்ச் பிளேட் தேயும். "இன்னும் லூசுதான்" என்பேன். முறுக்குவார். "போதும்" என்றால் நிறுத்துவார். மற்ற எந்த விஷயத்திலும் நான் போதும் என்று சொல்லி அவர் நிறுத்தியதில்லை.

போன சாரல் சீசனில் அவர் மேலகரத்தில் ஒரு ஆட்டோவின் பின்பக்கம் லேசாக இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா பாய்?" என்று கேட்டதோடு சரி. ஆனால் மகன் காதுக்கு எட்டிவிட்டது. வாப்பாவுக்குக் கண் தெரியவில்லை, இனி ஓட்டக் கூடாது என்று பெண்டாட்டியிடம் சொன்னான். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னான். பள்ளிவாசலில் கண்டவர்களிடம் சொன்னான். வாப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் போடும் சத்தத்துக்கு அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பயம். தலையில் நரை வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

பிறகு ஒருநாள், ஆயில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று காரை மெக்கானிக்கிடம் எடுத்துப் போனான். திரும்பி வரும்போது கார் ஓடி வரவில்லை. அவனுடைய புதுக் காரை வரவழைத்து, அதன் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தான்.

"கிளட்ச் பிளேட் போயிருச்சு வாப்பா. கியரே விழல. நீங்க எப்பவும் கிளட்ச் மேலயே காலை வச்சிட்டு ஓட்டுவீங்கள்லா, அதான். இதுக்கு இப்ப பிளேட்டும் வாரதில்ல."

அதோடு நிற்கவில்லை. குற்றாலத்தில் ரிசார்ட் வைத்திருக்கிற அவன் கூட்டாளி அந்தக் காரைக் கேட்கிறாராம். வாசலில் அழகுக்கு நிறுத்துவாராம், வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து எடுத்துக்கொண்டு போவாராம்.

என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரின் பக்கமே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை அரபி வண்டி ஓட்டிருக்கேன். ஒருத்தன் குத்தம் சொன்னதில்ல. என் வண்டிய நானே தின்னுட்டனேளா," என்றார்.

சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார். கடைப்பக்கம் போவது நின்றது. அந்த வெள்ளிக்கிழமை கால் வலிக்கிறது என்று ஜும்மாவுக்கும் போகவில்லை. வண்டி போனால் போகட்டும், அது இரும்பு. நான்தான் கெடுத்தேன் என்ற நினைப்போடு இந்த மனுஷன் இனி உள்ள காலத்தைக் கழிப்பாரே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது.

அவர்கள் வருவதற்குள் காரில் கிடக்கிற எங்கள் சாமான்களை எடுத்துவிடலாம் என்று போனேன். குடை, துண்டு, தண்ணீர் பாட்டில். சீட்டுக்கு அடியில் அந்தக் கேபிள் சுருள் இருக்கும் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குனிந்தேன். உட்கார்ந்ததும் கால் தானாகப் போய் மிதித்தது, பழக்கம்.

பெடல் பாதி தூரத்துக்கு மேல் சும்மா போனது. கனமே இல்லை. என் காலில்தான் சத்து இல்லையோ என்று மறுபடியும் மிதித்தேன். அப்படியேதான். இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். நட்டு எப்போதும் நிற்கிற இடத்தில் இல்லை. கழன்று விழப்போவது போல நுனியில் வந்து நின்றது. அதன் மேல் ஸ்பேனர் பட்ட பளபளப்பு. பிளேட்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. யாரோ வேண்டுமென்றே கேபிளைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

பானெட்டைக்கூட மூடாமல் உள்ளே போனேன்.

"எந்திரிச்சு வந்து கிளட்ச்ச மிதிச்சுப் பாருங்க."

"விடுளா. கொண்டு போட்டும்."

"எந்திரிச்சு வாங்கன்னு சொல்லுதேன்!"

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் மிரண்டுபோய் எழுந்து வந்தார். உட்கார்ந்து மிதித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மிதித்தார். மெக்கானிக்குக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏலே, என் வண்டில கேபிள எவம்லே லூசாக்குனது?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ என்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க மவன்தான் பாய் செய்யச் சொன்னாரு. உங்க நல்லதுக்குத்தான்னாரு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்…" என்று இழுத்தது குரல்.

அவர் போனை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். குனிய முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நீ முறுக்கு. நான் மிதிக்கேன்," என்றார்.

கையெல்லாம் கிரீஸ். நான் முறுக்கினேன். அவர் மிதித்து, "இன்னும் லூசுதான்" என்றார். மறுபடி முறுக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மகனை ஒரு வார்த்தை மனதுக்குள் திட்டினேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. "போதும்" என்றார். சாவியைத் திருகினார். என்ஜின் பிடித்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மகனும் கூட்டாளியும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

"என்ன மாப்ள, செத்துப்போன வண்டின்ன, உறுமிக்கிட்டு நிக்கி?" என்றார் கூட்டாளி.

மகன் முகம் வெளுத்துவிட்டது. "யாரு வாப்பா வந்து பாத்தா?"

"உங்க உம்மாதான்."

"சும்மா இருங்க வாப்பா. மெக்கானிக் வந்தானா?"

என் கையில் கிரீஸ் இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. அவன் பார்க்கவே இல்லை. அந்நிய ஆள் நிற்கிறார் என்பதையும் மறந்து நான் பேசினேன்.

"வண்டி ஓட்டாதீங்கன்னு வாப்பா மூஞ்சிய பாத்துச் சொல்லுலே. ஊரெல்லாம் சொன்னியே, இப்ப என் முன்னால சொல்லு. அவரு கெடுத்துட்டாருன்னு எதுக்குலே பொய் சொன்ன? மனுஷன் சோறு தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"சொன்னா கேப்பாங்களா உம்மா? கத்துவாங்க."

"கத்துவேன்," என்றார் அவர் சீட்டில் இருந்தபடியே. "கத்திட்டு, பொறவு கேப்பேம்லே."

கூட்டாளி, "நான் இன்னொரு நாள் வாரேன்" என்று நைசாக வெளியே போய்விட்டார். மகன் தலையைக் குனிந்தபடி, "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல வாப்பா. எனக்குப் பயமா இருக்கு," என்றான். இந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல்தானே அந்த நட்டைக் கழற்றினான்.

அடுத்த ஞாயிறு காலையில் நானும் அவரும் குற்றாலம் போனோம். அருவிக்குப் போய்க் குளிக்காமல் வருகிற ஆட்கள் நாங்கள். காரிலேயே இருந்து மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்புவோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. போகிற வழியில் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினார், இரண்டு முறை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தலையோடு ஒரு பெண் குறுக்கே வந்தாள். நான் கத்திய பிறகுதான் பிரேக் பிடித்தார். ஓரமாக நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தெரியலளா. நெசமாவே தெரியல. அவன் சொன்னது சரிதான்."

"சரியா இருக்கட்டும். அதுக்காகப் பொய் சொல்லலாமா?" என்றேன்.

அவரே மகனுக்குப் போன் போட்டார். "வந்து வண்டிய எடுத்துட்டுப் போலே. இனி நான் ஓட்டல," என்றார். இதற்கு ஒரு நட்டையும் யாரும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் வாயால் அவரே சொன்னார்.

மகன் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். வாப்பா கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க வாப்பா" என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "உம்மா, பின்னால ஏறுங்க" என்றான், அவ்வளவுதான். அந்தப் பொய்யைச் சொல்லும்போது இந்த வீட்டில் கிளட்ச் மிதிக்கிற இன்னொரு கால் இருக்கிறது என்று அவன் நினைக்கவே இல்லை. இப்போதும் நினைக்கவில்லை.

அவர் முன் சீட்டில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனுடைய இடது கால் தெரியும். மகன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே ஓட்டினான். கண் டாக்டரிடம் போகலாம் என்றான், வண்டியை விற்க வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றான். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் மாற்றி முடித்த பிறகும் அது கிளட்ச் மேலேயே இருந்தது. மேலகரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன்.

"கிளட்ச்ல இருந்து காலை எடுலே!"

அவன் திடுக்கிட்டுக் காலை எடுத்தான். முன் சீட்டில் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.