இரண்டு மடையும் திறந்தால் அடங்கும் அலை

பதுளையில் பௌதிகம் படிப்பிக்கும் என் மகன் ஒரு நாள் பெரிய புதிர் ஒன்றைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தான். தகடு ஒன்றில் பக்கம் பக்கமாக இரண்டு கீறல். அவற்றின் வழியே போகும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுகிறது. ஒரு கீறல் மட்டும் திறந்திருந்தால் வெளிச்சம் விழுகிற ஓர் இடம், இரண்டையும் திறந்தால் இருண்டு போகிறதாம்.

"இன்னொரு வழியும் தெறந்தா வெளிச்சம் கூடத்தானேம்மா வேணும்? கொறையுதே, ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

"போடா, இதை நான் பாவாடை கட்டின வயசுலயே பாத்தாச்சு" என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்று லுணுகலையில் கடைத்தெருவில் பெரிய கடை எது என்று கேட்டால் என் கடையைத்தான் காட்டுவார்கள். அந்தக் கடைதான் அவனைப் பௌதிகம் படிக்க வைத்தது. ஆனால் அவன் பாடத்தை அவனுக்கு முன்னால் படித்தவள் நான்.

நாங்கள் இருந்தது பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கீழ் லயம் என்ற வரிசை வீடுகளில். மேல் லயத்துக்கும் எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீருக்கு, மலை ஊற்று விழுகிற ஒரே ஒரு பீலி. விடியுமுன் அங்கே முதலில் குடம் வைப்பது எந்த லயம் என்பதுதான் எங்கள் உலகத்து அரசியல். பிந்திக் குடம் நிரப்பியவர்கள், காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கும் பிந்துவார்கள். பிந்தினால் கங்காணி பேர் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா அப்படி வெறுங்கூடையோடு திரும்பி வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை.

இந்த வழக்கைத் தீர்ப்பது கார்த்திகை விளக்கு. தேயிலை ஸ்டோருக்கு மேலே ஒரு குளம் உண்டு. வண்டல் தங்குவதற்காக அதன் குறுக்கே ஒரு சிமெண்டுச் சுவர், அந்தச் சுவரில் பலகை போட்டு மூடுகிற இரண்டு மடை. கார்த்திகை அந்தியில் சுவரின் கீழ்ப்புறத்துத் தண்ணீரில் முறைக்கு ஒரு லயம் சிரட்டை விளக்கை, நூலில் கல் கட்டி, ஓர் இடத்தில் நிறுத்தும். மேல்புறத்தில் மற்ற லயத்து ஆள் தப்பு மேளத்தின் தாளத்துக்கு ஏற்பப் பலகையால் தண்ணீரை அமுக்கி அமுக்கி அலை எழுப்புவார். அலை மடைகள் வழியே புகுந்து விளக்கை அணைக்க வேண்டும். தப்பு ஓயும்வரை விளக்கு எரிந்தால், அடுத்த கார்த்திகை வரை பீலி அந்த லயத்துக்கு. இரண்டு லயத்து விளக்கும் அணைந்தால் பழையபடி. பழையபடி என்றால் மேல் லயம்.

மேல் லயத்துக்கு அலை அடிப்பவர் என் தாய்மாமா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி முறுக்கேறிய கை அவருக்கு. எங்கள் ஆட்கள் வருஷா வருஷம் விளக்கை இரண்டு மடைக்கும் நடுவே, சுவருக்குப் பின்னால் வைப்பார்கள். சுவர் மறைக்கும் என்று நம்பிக்கை. வருஷா வருஷம் அது முழுகும். அதற்கு யாரும் இடத்தைக் குறை சொன்னதில்லை, எண்ணெயைத்தான் குறை சொன்னார்கள்.

விளக்கை விடுவது வயதுக்கு வராத பெண்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வருஷம் நான். சும்மா இருப்பேனா? முந்திய வாரமே தம்பியைக் குளத்துக்கு இழுத்துப் போய், வாயால் தப்பு அடிக்கச் சொல்லி, பலகையை அமுக்க வைத்தேன். ஒரு கொய்யா இலையை இங்கும் அங்கும் விட்டுப் பார்த்தேன். நடுவில்தான் அது பேயாட்டம் ஆடியது. கொஞ்சம் தள்ளி, ஒரு மடையை ஒட்டிய பக்கமாக, ஓர் இடத்தில் அசையாமல் நின்றது. ஒரு மடையையும் அடைத்தால் இன்னும் அடங்கும் என்று நினைத்து ஒன்றை மூடினேன். உடனே அந்த இடத்திலும் ஆட்டம்! மறுபடி திறந்தேன், அடங்கிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

கார்த்திகையன்று மேல் லயத்து விளக்கு முதலில் அணைந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன்.

"நடுவுல விடு தாயி, சொவரு மறைக்கும்" என்றார் அப்பா.

நான் ஒரு மடைப் பக்கமாக, கொய்யா இலை அசையாமல் நின்ற இடத்துக்குப் போனேன்.

"ஏக்கா, ஒன் மகளுக்குக் கண்ணு தெரியலையா? மடை வாய்க்கே கொண்டுபோயி வைக்கிறா!" என்று மாமா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

தப்பு முழங்கியது. மாமா அடித்த அடியில் குளமே பொங்கியது. என் சிரட்டை மட்டும் தூங்கும் குழந்தை மாதிரி இருந்தது. மாமாவின் சிரிப்பு நின்றது.

"என்னமோ சூது இருக்கு. ஒரு மடையை மூடுங்கடா!"

பலகை இறங்கியது. சிரட்டை துள்ளியது, எண்ணெய் சிந்தியது, சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினேன்:

"ஏன் மாமா, ரெண்டு மடைக்கும் அலை அடிக்கத் தெம்பு இல்லையா? அத்தையைக் கூட்டியாரவா?"

மேல் லயமே சிரித்துவிட்டது. அப்பா தலையில் கை வைத்தார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரேன்டி!"

"தூக்குங்கடா பலகையை!" என்று மாமா உறுமினார்.

பலகை ஏறியது. சிரட்டை ஆடி, தயங்கி, நின்றது. தப்பு ஓயும்வரை மாமா வேர்த்து வழிய அடித்தார். சுடர் நிமிர்ந்தே நின்றது. கடைசியில் பலகையை எறிந்துவிட்டு வந்து, "மருமகளே, என்னடி மந்திரம் போட்ட?" என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மறுநாள் பீலியில் முதல் குடம் அம்மாவுடையது. பெரட்டிலும் முதல் பேர் அவள் பேர்தான்.

மந்திரம் ஒன்றும் இல்லை. நடுவிலிருந்து இரண்டு மடையும் ஒரே தூரம். இரண்டு அலையும் அங்கே ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ஆட்டம் இரட்டிப்பாகும். நான் வைத்த இடத்துக்கு ஒரு மடை கிட்ட, மற்றது எட்ட. ஓர் அலை தூக்கும்போது மற்றது இறக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மடையை மூடினால் தின்ன ஆளில்லை.

இதைச் சொன்னதும் மகன் எழுந்து உட்கார்ந்தான். "சரிதாம்மா, வெளிச்சமும் அப்படித்தான். ஆனா அதைக் கொறைச்சுக் கொறைச்சு, ஒரு நேரத்துல ஒரே ஒரு பொட்டா அனுப்பினா?"

ஒவ்வொரு பொட்டும் சுவரில் ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழுமாம். அப்படி நிறையப் புள்ளிகள் சேர்ந்த பிறகு பார்த்தால், அந்த இருட்டு இடத்தில் ஒன்றும் விழுந்திருக்காதாம். எந்தக் கீறல் வழியாகப் போகிறது என்று கருவி வைத்துப் பிடித்தாலோ, அந்த இருட்டே காணாமல் போய்விடுமாம். குவாண்டம் என்று அவர்கள் சொல்வது இந்த விளையாட்டைத்தான்.

இங்கேதான் என் மடைக் கணக்கு உதவவில்லை. என் குளத்தில் அலையைத் தின்ன இன்னொரு அலை இருந்தது. தனியாகப் போகிற பொட்டுக்கு யார் இருக்கிறார்கள்? மாமாவின் தோளில் உட்கார்ந்திருந்த அன்று, குளத்தின் சூட்சுமம் முழுவதும் என் கையில் என்று நினைத்தேன். அதற்குள் இன்னொரு புதிர் இருந்தது தெரியாது.

எங்கே எத்தனை புள்ளி விழும் என்று துல்லியமாகக் கணக்குப் போடுகிறார்களாம். ஆனால் அந்தப் பொட்டு நடுவழியில் என்ன செய்கிறது என்பதில் பெரிய படிப்பாளிகளும் இன்னும் சண்டை பிடிக்கிறார்களாம். ஆக, அந்தக் கேள்வியில் அவர்களும் நானும் ஒரே வகுப்பு. மூன்றாம் வகுப்பு.