தண்ணீர் தெளிக்கக் கூடாத ரோஜா

அவள் செய்த பற்கள் அந்த ஊரில் எத்தனையோ வாய்களில் இருக்கின்றன. அந்த வாய்களில் ஒன்றுக்குக்கூட அவளைத் தெரியாது. பல் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அவள் மூன்றாம் மாடி லேப்பில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அண்ணன் மகள் மழலையில் வைத்த 'பல் அத்தை' என்ற பெயர் சொந்தபந்தம் முழுக்க ஒட்டிக்கொண்டது. வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தத் தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையாது. "பல் செட் எவ்வளவு அழகா இருக்கு!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த செட் தோற்றுவிட்டது என்று அர்த்தம். அதனால் கைதேர்ந்தவர்கள் பல்லை ஒரே சீராக அடுக்க மாட்டார்கள். ஒரு முனையைக் கொஞ்சம் தேய்த்து விடுவார்கள். ஈறோரம் ஒரு துளி மஞ்சள் ஏற்றுவார்கள். அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. மேல்வரிசையில் இடது பக்கம் இரண்டாவது பல்லை ஒரு மயிரிழை உள்ளே திருப்பி வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. சில நாள் பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவர் வாய்விட்டுச் சிரிப்பார், அவளுடைய பல் அங்கே இருக்கும். அவள் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சொல்லிக்கொள்ள முடியுமா? சொன்னால் அந்த மனிதரின் மானம் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு லேப் முதலாளியின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வந்தது. அதன் தலையில் சர்க்கரையில் செய்த ஒரு ரோஜா. முதலாளி அதை எடுத்துக் கடித்து, இனிப்பு திகட்டுகிறது என்று மீதியை ஓரமாக வைத்துவிட்டார். அவள் அந்த மீதியைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறை மேஜையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, மெழுகுக் கத்தியால் இதழ் இதழாகப் பிரித்தாள்.

கணவர் பின்னால் வந்து நின்றார். அவருக்குக் குடிநீர் வாரியத்தில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை. நாள் முழுக்க போனில் திட்டு வாங்கி வாங்கி, குரல் ஏறாமல் இறங்காமல் பேசுகிற வரம் கிடைத்திருந்தது.

"பிரேதப் பரிசோதனையா?" என்றார்.

"எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு பார்க்குறேன்."

"எப்படி இறந்துச்சாம்?"

"உங்களுக்கு டீ வேணுமா வேணாமா?"

அன்றைக்குப் பிடித்த பித்து விடவில்லை. பொடித்த சர்க்கரையையும் பிசினையும் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, இதழ் வெட்டி, ஸ்பூன் குழியில் கவிழ்த்துக் காயவைத்தாள். ஒரு ரோஜாவுக்கு நான்கு நாள். முதல் ஆறு மாதம் எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒரு ஸ்பூன்கூடச் சும்மா கிடைக்காது. கணவர் உப்புமாவை விரலால் சாப்பிடப் பழகினார். கோணலாகப் போன ரோஜாக்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்கள். அந்த வீட்டில் மூன்று வருடமாக டீக்கென்று தனியாகச் சர்க்கரை வாங்கவில்லை.

இதழ் எவ்வளவு மெலிதாக வரவேண்டும் என்பதற்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பேப்பர் மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். கணவர்தான் படித்துப் பார்த்துச் சொல்வார். இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு நாள் அவர் ஒரு இதழ் வழியாக, குழாய் பதிக்கும் டெண்டர் அறிவிப்பை முழுசாகப் படித்து முடித்தார்.

அன்று அவள் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். 'என் கையால் செய்த ஒரு பொருள். அதை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். யார் செய்தது என்று கேட்க வேண்டும்.' அதற்குக் கீழே மறுநாள் கணவரின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. 'புகார் எண் 1. நடவடிக்கையில் உள்ளது.'

கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் மகளே போன் செய்தாள். "அத்தை, வரவேற்புக்கு மூணு அடுக்கு கேக் சொல்லியாச்சு. வெறும் வெள்ளையா வேணும்னு சொல்லிட்டேன். மேல உங்க பூதான்."

போனை வைத்ததும் பல் அத்தை மனதுக்குள் கணக்குப் போட்டாள். முந்நூறு பேர் வரப்போகிற மண்டபம். முந்நூறு பேரில் நாலு பேர் நிற்க மாட்டார்களா?

ஏழு வாரம் உழைத்துப் பன்னிரண்டு ரோஜாக்கள் செய்தாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அண்ணி பார்க்க வந்தாள். அண்ணி எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவாள், பார்த்த பிறகும் பாதிதான் நம்புவாள். பெட்டியைத் திறந்ததும் அவள் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, ஓரமெல்லாம் கருகிக் கிடக்கு?"

"கருகல அண்ணி. காபித்தூளைக் கரைச்சு பிரஷ்ல தடவினது. பூ மலர்ந்து ஒரு நாள் ஆனா ஓரம் அப்படித்தான் இருக்கும்."

"இந்த இலையில ஓட்டை. பூச்சி கடிச்சிருக்கு."

"கடிக்கல அண்ணி. நான்தான் ஊசியைச் சூடு பண்ணி, கடிச்ச மாதிரி செஞ்சேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்?"

சீராக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். அதை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "அப்பதான் நிஜம் மாதிரி இருக்கும்" என்றாள்.

"நிஜப் பூவையே நாம வாடினா தூக்கிப் போடுறோம். நீ மெனக்கெட்டு வாட வெச்சிருக்க. சம்பந்தி வீட்டுக்காரங்க பார்த்தா, பொண்ணு வீட்டுல பழைய பூவை வெச்சுட்டாங்கன்னு காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. தப்பா எடுத்துக்காத. இன்னொரு தடவை, பளிச்சுன்னு செஞ்சு குடு. முடியலன்னா சொல்லு, பேக்கரிக்காரங்களே வெச்சுத் தந்துருவாங்க."

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுபடியும் ஸ்பூன்கள் மறைந்தன. கணவர் மறுபடியும் விரலுக்குத் திரும்பினார். இந்த முறை பன்னிரண்டு ரோஜாவும் ஒரே அளவு, ஒரே சிவப்பு, ஓரம் சுத்தம். பற்பசை விளம்பரத்தில் சிரிப்பவளின் பல்வரிசை மாதிரி இருந்தன. அவளுக்கு அவற்றைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் கணவர்.

"அதான் பிரச்சினை."

வரவேற்பு நாளன்று இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். பழைய பெட்டி எதற்கு என்று கணவர் கேட்கவில்லை. வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு, குண்டும் குழியும் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். மண்டபம் வந்ததும் அது வண்டியிலேயே தங்கியது. பளிச்சென்ற பெட்டி மட்டும் உள்ளே போனது.

கேக் மேடைக்குப் பக்கத்தில் தனி மேஜையில் நின்றது. அவள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினாள். தன் அலங்காரம் பாதியில் இருக்கும்போதே மணப்பெண் ஓடிவந்தாள், தலையில் ஒரு பக்கம் மட்டும் கொண்டை ஊசிகளோடு.

"அத்தை, அம்மா சொன்ன பூச்சி கடிச்ச பூ எங்கே?"

"வண்டியில இருக்கு. அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"அம்மாவுக்கு இன்னிக்கு ஆயிரம் வேலை. பூவை எண்ணிக்கிட்டு இருக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு வைங்க. எனக்காக."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

ஆக, கேக்கில் பதினோரு பளிச் ரோஜாக்களும் ஒரு வாடல் ரோஜாவும் ஏறின. வாடலை எங்கே வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக நடு அடுக்கில், இடது பக்கம், இரண்டாவது இடத்தில் வைத்தது. பிறகு பிசின் ஒட்டிய விரல்களைக் கழுவப் போனாள். போன இடத்தில் ஒரு சித்தி பிடித்துக்கொண்டு, கீழ்ப்பல் ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று விசாரித்தாள். கால் மணி நேரம் போயிற்று.

திரும்பி வந்தபோது கேக்கின் இடது பக்கம் பழுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. அவளுடைய ரோஜா தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளி இதழ் ஒன்று மெல்ல வளைந்து, நீண்டு, சொட்டென்று கீழ் அடுக்கில் விழுந்தது. பக்கத்தில் இருந்த பதினொன்றுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டடி தள்ளி, மண்டபத்தில் பூ அலங்காரம் செய்யும் பெண், கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான்... எல்லாப் பூவுக்கும் தண்ணி அடிச்சுக்கிட்டே வந்தேன். இது ஓரம் காஞ்சு கிடந்துச்சு. பாவம், தாகத்துல இருக்குன்னு நெனச்சு ரெண்டு தடவை அதிகமாவே அடிச்சுட்டேன். அது என்னமோ ஆகுதுக்கா."

"அது சர்க்கரைம்மா."

"ஐயையோ!"

பல் அத்தை வழிகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வார உழைப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, கேக்கின் மேல் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளுக்குள் ஏதோ உறுத்தியது.

"இருங்க. மத்ததுக்கு ஏன் தண்ணி அடிக்கல?"

"அது பிளாஸ்டிக் பூவாச்சே. அதுக்கு எதுக்குக்கா தண்ணி?"

"எத்தனை வருஷமா பூ வேலை பண்றீங்க?"

"பதினாலு வருஷம். இன்னிக்குத்தான்கா முதல் தடவையா இப்படி. முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "வாங்க என்கூட. இதை அப்படியே அண்ணிகிட்ட சொல்லணும்."

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா..."

"ஒரு வார்த்தை மாத்தாம சொல்லணும். தாகத்துல இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதை முக்கியமா."

அண்ணி மேடையோரம் யாரையோ எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள். பூக்காரப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். பிளாஸ்டிக் என்ற இடம் வந்ததும் அண்ணி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பிளாஸ்டிக்னா?"

"கடையில தொங்குமே மேடம். அது மாதிரி பளபளன்னு இருந்துச்சு."

"சம்பந்தி வீட்டுக்காரங்களும் அப்படித்தான் நெனப்பாங்களா?"

"யாருமே அப்படித்தான் மேடம் நெனப்பாங்க. அந்த ஒண்ணு மட்டும்தான் பூ."

அண்ணி கேக்கைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். சம்பந்தி வீட்டு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. கல்யாண வீட்டில் பழைய பூ பெரிய அவமானமா, பிளாஸ்டிக் பூ பெரிய அவமானமா என்று அவள் மனதில் ஒரு தராசு ஆடியது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அந்தப் பூச்சிப் பெட்டி எங்கே இருக்கு?" என்றாள்.

"வண்டியில அண்ணி."

"நிக்காத. ஓடு."

பளிச் ரோஜாக்கள் பதினொன்றும் பெட்டிக்குத் திரும்பின. கணவர் அவற்றை எண்ணிப் பார்த்து, "டீக்கு ஆச்சு" என்றார். வாடல் ரோஜாக்கள் பதினொன்றும் ஓட்டை இலைகளோடு ஏறின. வழிந்த கோட்டைக் கத்தியால் சுரண்டி, அதன் மேல் ஒரு இலையைப் போட்டு மறைத்தாள். பன்னிரண்டாவது பூவின் இடம் காலியாகத்தான் இருந்தது. பூ உதிர்ந்த செடி மாதிரி அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

ஆனால் மண்டபத்தில் தண்ணீர் பாட்டில் இன்னும் மூன்று பேரிடம் இருந்தது. ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சொல்ல நேரமில்லை. கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு அட்டையில் எழுதி, கேக்குக்கு முன்னால் நிற்க வைத்தார்.

'அறிவிப்பு. இப்பூக்களுக்கான தண்ணீர் விநியோகம் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்பட்டுள்ளது. இவை சர்க்கரை.'

வருகிறவர்கள் வழக்கமாக மேடையைப் பார்த்துக்கொண்டு கேக்கைக் கடந்துபோவார்கள். அன்று அட்டையைப் படிக்க ஒருவர் நின்றார். அவர் ஏன் நிற்கிறார் என்று பார்க்க இன்னொருவர் நின்றார். பிறகு அட்டையை விட்டுவிட்டுப் பூவைக் குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேடைக்கு இருந்த வரிசை கேக்குக்கு மாறிவிட்டது. மேடையில் மாப்பிள்ளை அடுத்து யாராவது வருவார்களா என்று காத்திருந்தார்.

"எங்க நாத்தனார் செஞ்சது" என்று அண்ணியின் குரல் கேட்டது. "பூச்சி கடிச்ச மாதிரி வைக்கணும்னு நாங்கதான் சொன்னோம்."

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளைக்குத் தாத்தா முறை, வரிசையை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு பூவையே வெகுநேரம் பார்த்தார்.

"இதைச் செஞ்சது யாரு?"

"நான்தாங்க" என்றாள் பல் அத்தை. இருபத்திரண்டு வருடத்தில் தன் கைவேலையைப் பார்த்து அவள் இந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

"சர்க்கரைன்னு எழுதிட்டா ஆச்சா? கடிச்சுப் பார்த்தாதான் நம்புவேன்."

"கெட்டியா இருக்குங்க. பார்த்து."

"எனக்கென்னம்மா!" அவர் வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். "எண்பத்தொண்ணு ஆகுது. அத்தனையும் சொந்தப் பல்லு."

மேல்வரிசையில், இடது பக்கம், இரண்டாவது பல் ஒரு மயிரிழை உள்ளே திரும்பியிருந்தது.

அவள் ஓட்டை இலை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது. பூவை மறந்துவிட்டு அவள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் முழங்கையால் இடித்தார்.

"நிஜம் மாதிரியே இருக்கும்மா" என்றார் பெரியவர், மென்றுகொண்டே.

"ஆமாங்க" என்றாள் அவள். "தெரியவே இல்ல."