ஒரே வரியில் பத்தொன்பது பாட்டு

என் கணவருக்கு என்டர் பொத்தான் என்றால் பயம். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவுக்கு அவர்தான் மாஸ்டர். பங்குத்தந்தையிடமே எதிர்த்துப் பேசுகிற மனிதர். ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகச் சொன்னால் கை தானாகப் பின்வாங்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் குழுவின் வாட்ஸப்பில், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "நாளை ஒத்திகை இல்லை" என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக என்டரைத் தட்டினார். "என்று யாரோ புரளி கிளப்பியிருக்கிறார்கள், நம்ப வேண்டாம்" என்கிற மீதி அவர் மனதிலேயே இருந்தது. முதல் பாதி பறந்துவிட்டது. ஒற்றை விரலால் மீதியை அடித்து முடிப்பதற்குள் இருபது கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் கோயிலில் அவரும் ஆர்மோனியமும்தான்.

அன்றிலிருந்து எதை அடித்தாலும் என்டர் கிடையாது. அடுத்த வரி வேண்டுமென்றால் ஸ்பேஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கர்சர் தானாகக் கீழே இறங்கும்வரை காத்திருப்பார்.

இதில் எனக்கென்ன வந்தது என்றால், அவர் அடிப்பது நான் எழுதிய எடிட்டரில், அதாவது எழுத்து அடிக்கிற புரோகிராமில். தி.நகரில் ஓர் ஆபீசுக்குப் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கே எனக்காக ஒரு எடிட்டர் எழுதினேன். சிலர் மாடியில் தக்காளி வளர்க்கிறார்கள், எனக்கு இது. உலகத்தில் அதைப் பயன்படுத்துவது இரண்டே பேர், அதில் ஒருத்தி நான். மாஸ்டருக்காக அதில் ஒரு வசதி செய்திருந்தேன். "பெ" என்று அடையாளம் போட்டால் அங்கிருந்து எழுத்தெல்லாம் ரோஸ், பெண்கள் பாட வேண்டியது. "ஆ" என்றால் நீலம், ஆண்கள். "எ" என்றால் கறுப்பு, எல்லோரும். அடுத்த அடையாளம் வரும்வரை அதே நிறம் ஓடும். புரொஜெக்டர் வைத்துக் கோயில் சுவரில் போட்டால் பார்க்கவே அழகாக இருக்கும்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுகள் பத்தொன்பதையும் மாஸ்டர் அடித்து முடித்தார், ஒரே வரியில். அதில் பாதிக்கு மேல் வெறும் ஸ்பேஸ். எடிட்டர் படுத்துவிட்டது. ஓர் எழுத்தை அடித்துவிட்டு, அது திரையில் வருவதற்குள் காபி ஆற்றிக் குடித்துவிடலாம்.

தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு வரியும் எந்த நிறத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும்தான் என் எடிட்டர் நினைவில் வைத்திருக்கும். நடுவில் என்ன நிறம் என்று தெரிய, வரியின் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டும். சின்ன வரியென்றால் நொடியில் முடியும். இங்கே இருந்ததே ஒரு வரி. பதினேழாம் பாட்டில் ஒரு காற்புள்ளி வைத்தால், அது முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை என்டர் தட்டுங்களேன்."

"திரும்ப யாருக்காவது போயிடுச்சுன்னா?"

"இது வாட்ஸப் இல்லைங்க. இதிலேருந்து எதுவும் எங்கேயும் போகாது."

"அன்னிக்கும் நான் அப்படித்தாம்மா நினைச்சேன்."

நானே வரிகளை உடைத்துப் பார்த்தேன். அவர் ஸ்பேஸ் தட்டித் தட்டி நிறுத்தி வைத்த இடமெல்லாம் கலைந்து, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பழையபடியே மாற்றி வைத்தேன்.

பிறகு ஒரு சோம்பேறி வழியைப் பிடித்தேன். ஒரு வரி பத்தாயிரம் எழுத்தைத் தாண்டினால் அதற்கு மேல் நிறமே கிடையாது, எல்லாம் கறுப்பு. பெரிய பெரிய எடிட்டர்களே இப்படித்தான் தப்பிக்கின்றன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை ஒத்திகையில் எடிட்டர் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தை இயேசுவுக்கான தாலாட்டு வந்தது. பெண்கள் மட்டும், மெல்லிய குரலில் பாட வேண்டியது. முதல் அடியை எடுத்ததுமே பின்வரிசையிலிருந்து இடி இறங்கியது. மந்தைவெளி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நிறுத்தும் அண்ணன், எங்கள் குழுவிலேயே கனத்த குரல், கண்ணை மூடிக்கொண்டு தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தூங்குகிற குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த இரண்டு ஒத்திகைக்கு ஆளைக் காணோம்.

"சீசன் டைம், சவாரி இருக்கும்" என்றார் மாஸ்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எழுத்து நமக்கு ஸ்லோவாத்தான் வரும்க்கா. ஒரு வரி படிக்கிறதுக்குள்ள பாட்டு போய்க்கினே கீது. பாட்டெல்லாம் காதுல கீது, வாயை எப்போ தொறக்குறதுன்னுதான் தெரியாது. நீ கலர் போட்டப்புறம் அந்தக் கவலையே இல்ல. அன்னிக்கு இன்னாடான்னா எல்லாமே கறுப்பா இருந்துச்சு. கறுப்புன்னா அல்லாரும்தானே? நீதானேக்கா சொன்ன?"

நான்தான் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மற்றவர்களெல்லாம் "பெ" என்ற எழுத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்கள். நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான், அவரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தாலாட்டை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஆயிரம் எழுத்துக்கு ஒருமுறை "இந்த இடத்தில் நிறம் இது" என்று எடிட்டர் குறித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். இனி எங்கே கை வைத்தாலும் பக்கத்துக் குறிப்பிலிருந்து தொடங்கினால் போதும். சுவரில் தெரிகிற பகுதிக்கு மட்டும் நிறம் பூசினால் போதும். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

கடைசி ஒத்திகைக்கு அண்ணனின் ஆட்டோவிலேயே ஏறிக் கோயிலுக்குப் போனேன். சவாரியை இறக்கிவிட்டு ஓடிவிடாதபடி கூடவே உள்ளே அழைத்துப் போனேன்.

தாலாட்டு வந்தது. எழுத்தெல்லாம் ரோஸ். அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். கடைசி இரண்டு அடிக்கு வந்ததும் எழுத்து கறுப்பானது. மறுபடியும் என் எடிட்டர் சொதப்பிவிட்டதா? அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்காமல் மோவாயால் சுவரைக் காட்டினார். அந்த இரண்டு அடிக்கு முன்னால் புதிதாக ஓர் "எ". மனிதர் எனக்குத் தெரியாமல் அடித்து வைத்திருக்கிறார்.

நான் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் வாயைத் திறந்தார்.