கலரக்காவின் கண்ணுக்குத் தெரிந்த பச்சை

துணி மில்லின் சாயப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவளைத் தெருவே கலரக்கா என்றுதான் கூப்பிடும். மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலத் துணிகள் அவளுக்கு அண்ணன் தம்பி மாதிரி தனித்தனியாகத் தெரியும். வாய் மட்டும் கொஞ்சம் அவசரம். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள்.

அவள் வீடு தெருவின் பள்ளமான கோடியில் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறி வந்துவிடும். கொல்லைக் கிணறு கையெட்டும் தூரத்துக்கு நிரம்புவதில் அவளுக்கு ஏகப் பெருமை. ஆனால் போன மழைக்கு அந்தத் தண்ணீரில் வாடை அடித்தது. அவள் வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் முறைத்துக்கொண்டு நின்றது.

"எல்லாம் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் பண்ற வேலை" என்று கலரக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "என் டேங்க் கட்டி மூணு வருஷம்கூட ஆகலக்கா" என்றார்.

"புதுசா இருந்தா ஒழுகாதா? நீங்க ஓட்டுற பஸ்ஸும் புதுசுதான். மழை வந்தா உள்ளயே குடை பிடிக்கிறோம்!"

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அடுத்த மழையும் வந்துவிட்டது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவள் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். ஒரு பெண் ஆய்வாளர் வந்து தண்ணீரைப் பரிசோதித்து, கிணற்றில் கழிவுக் கிருமி இருப்பதை உறுதி செய்தார்.

"யாரோட டேங்க்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"கழிவறையில சாயம் ஊத்திப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்குச் சிவப்பு, உங்களுக்குப் பச்சை. எது கிணத்துல வருதுன்னு பாருங்க."

சாயம் என்றதும் கலரக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "எங்க வீட்டுக்கு எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் பார்க்கணும்ல?"

இரண்டு வீட்டுக் கழிவறையிலும் ஆய்வாளரே சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார். கலரக்கா தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு வாளி இறைத்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தாள். டிரைவரும் மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் போவார். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் அவள் கிண்ணத்தை வெயிலுக்குக் கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கு வெறும் தண்ணியாத்தான் தெரியுது" என்றார் வீட்டுக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாருக்குமே தெரியாது. பேசாம கீழ ஊத்திடு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிணற்றடியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கிண்ணத்தோடு நேராக டிரைவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, பச்சை!"

டிரைவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேக்கா."

"எனக்குத் தெரியுதே! எங்க வீட்டுப் பச்சைதான். இவ்வளவு நாளா உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "விடுங்கக்கா. பஸ் ஒழுகுறது நிஜம்தானே!" உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. காபி குடிக்காமல் அவளை விடவில்லை.

ஆய்வாளரின் கருவியும் பச்சை என்றே சொன்னது. கலரக்கா வீட்டு டேங்க் பழையது, அடித்தளம் பூசாதது. மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் டேங்க்குக்குள் புகுந்து, கழிவைக் கலந்துகொண்டு கிணற்றுக்குப் போயிருக்கிறது.

பழைய டேங்க்கை லாரி வைத்து உறிஞ்சி மூடினார்கள். ஒழுகாத புது டேங்க் வந்தது. அதிலிருந்து வரும் நீர் நிலத்தடி நீரைத் தொடாமல் வடிவதற்குத் தரைக்கு மேலே உயரமாக மணல் மேடு போட்டார்கள். தன் விடுமுறை நாளில் டிரைவர் மண்வெட்டியோடு வந்து நின்றார். கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, ஒரு மாதம் காத்திருந்தார்கள். அதுவரை கலரக்கா வீட்டில் குடித்தது வாங்கிய தண்ணீர்தான்.

'கிருமி இல்லை' என்ற முடிவு போனில் வந்தபோது கலரக்கா மில்லில் இருந்தாள். மெஷின் சத்தத்தையும் மீறி அவள் போட்ட கூச்சலில், என்னவோ ஏதோ என்று மேலாளரே ஓடிவந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் டிரைவர் மனைவியும் சேர்ந்து பள்ளத்து வீடுகளுக்கெல்லாம் போனார்கள். "உங்க டேங்க்கையும் ஒருதடவை பார்த்துடுங்க" என்றதும் முதல் வீட்டுக்காரர் முறைத்தார்.

"எங்க டேங்க்குக்கு என்ன குறைச்சல்?"

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்று சிரித்த கலரக்கா, அவர் கூப்பிடாமலே உள்ளே போய் உட்கார்ந்தாள்.