தனசேகருக்கு நான் பார்த்துக் கொடுத்த கிடார்

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தலைக்கு ஒரு பொரி பாக்கெட். சாயங்காலம் கேன்டீன் ஹாலில் ஊழியர்களே நடத்துகிற பாட்டுக் கச்சேரி.

மேடையில் கீபோர்டு இருந்தது. டிரம்ஸ் இருந்தது. பேர் கொடுத்திருந்த தனசேகரை மட்டும் காணோம். தேடினால், கடைசி வரிசை பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பொரி கொறித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா தனா, வாசிக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கம்பி சுதியில நிக்க மாட்டேங்குதுபா. பாட்டு நடுவுல மானம் பூடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பக்கத்தில் நின்ற நான் பொரி பாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ஏன் என்கிறீர்களா? அந்தக் கம்பி மாட்டிய கிடாரை, "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று சொன்ன மகானுபாவன் அடியேன்தான்.

தனசேகர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற எங்கள் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். எங்களிடம் வருவதற்கு முன்னால், வேறொரு இடத்தில், இடது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிரஸ் மெஷினுக்குக் கொடுத்துவிட்டவர். அதுவரை கல்யாணக் கச்சேரிகளில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தாராம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

போன வருஷம் ஒருநாள், மதிய சாப்பாட்டின்போது செல்போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முகமெல்லாம் பல்.

"சார், இதப் பாருங்க. பெடல் ஸ்டீல் கிடார். இதுக்கு எல்லா விரலும் வேணாம் சார்!"

பார்த்தேன். கிடார் என்றே சொல்ல முடியாது. நாலு கால் போட்ட நீளப் பலகை. மேலே பத்துக் கம்பி. கீழே மூன்று பெடல். முட்டியால் தள்ள ரெண்டு மூன்று லீவர். அசப்பில் எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல் மெஷின். இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டே போகவேண்டும். வலது கை மீட்டும். பெடலை மிதித்தால் கம்பியின் சுதி ஏறும், விட்டால் இறங்கும். மற்ற கிடாரில் விரல் செய்கிற வேலையில் பாதியை இதில் கால் செய்துவிடுகிறது.

"உருளையப் புடிக்க மீதி இருக்கற விரலே போதும் சார். திருப்பி மேடை ஏறலாம் சார் நானு..."

போன் திரையைச் சட்டையில் துடைத்து, இன்னொரு தடவை காட்டினார்.

ஆனால் விலை? புதிதாக நல்லது வாங்குவது நம் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற சமாசாரம் இல்லை. அவரிடம் இருந்ததோ ஒரு சீட்டுப் பணமும் கொஞ்சம் ஓ.டி. பணமும். விசாரித்து விசாரித்துக் கடைசியில் சுங்குவார்சத்திரத்திலேயே பழசு ஒன்று இருப்பது தெரிந்தது. கப்பலிலும் ஓட்டலிலும் வாசித்த ஒருவருடையது. அவர் காலமாகி, மனைவி விற்கிறார்.

"நீங்க கூட வாங்க சார். பொருள் பாக்கறதுல உங்கள வுட்டா ஆளு யாரு?"

இந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன்.

என் வேலை இன்கமிங் குவாலிட்டி. வெளியிலிருந்து வருகிற பார்ட்ஸைச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது. குறை இருக்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, சப்ளையரை எதிரே நிற்கவைத்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்போம். அவர் முகம் சுருங்கச் சுருங்க விலை இறங்கும். இருபது வருஷப் பழக்கம். வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான்.

ரெண்டு பேருமாகச் சுங்குவார்சத்திரம் போனோம். அந்த அம்மா பெட்டியைத் திறந்து, கிடாரைக் கால் மாட்டி நிறுத்திவைத்தார். காபி போட உள்ளே போனார். தனசேகர் கிட்டே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு தபா உக்காந்து வாசிச்சிப் பாத்துக்கட்டா?"

"உஷ்! ஆசையைக் காட்டாதீங்க, விலை ஏறிடும். முதல்ல இன்ஸ்பெக்ஷன்."

பாவம், பேசாமல் தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றார். இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். நான் டார்ச்சை எடுத்தேன். சட்டைப் பையில் எப்போதும் மஞ்சள் சாக்பீஸ் இருக்கும், அதையும் எடுத்தேன். பெடல் ஷாஃப்டில் ஆட்டம்... ஒரு வட்டம். முலாம் உரிந்த இடம்... ஒரு வட்டம். துரு, கீறல், விளிம்பில் சின்ன உடைசல். வட்டம், வட்டம், வட்டம்.

அந்த அம்மா காபித் தட்டோடு வந்தபோது நான் பதினோராவது குறையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

தட்டைக் கீழே வைத்தார். முந்தானையை எடுத்து, ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இது விக்கறதுக்கு இல்லீங்க. காபி சாப்ட்டுப் போங்க" என்றார்.

அப்போதாவது எனக்கு உறைத்ததா? ஊஹும். வெளியே வந்ததும், "ரிஜெக்ட் பீஸுக்கு எவ்வளவு ராங்கி பாருங்க!" என்றேன். தனசேகர் பஸ் ஸ்டாப் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரமே அதே பணத்துக்குப் பேர் தெரியாத கம்பெனியின் புதுசு ஒன்றைப் பார்த்துவிட்டேன். பளபளவென்று பெயின்ட். அட்டைப் பெட்டி, வாரண்டி கார்டு எல்லாம் உண்டு. வெர்னியர் வைத்து அளந்தேன், மயிரிழை பிசகவில்லை. ஆட்டம் இல்லை, துரு இல்லை, கீறல் இல்லை. முழுத் தேர்ச்சி! "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று சொன்னது அப்போதுதான்.

வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. பெடலை மிதித்தால் சுதி ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது... ஆனால் பழைய இடத்துக்கு வருவதில்லை. கொஞ்சம் மேலேயோ கொஞ்சம் கீழேயோ நின்றுவிடுகிறது. நாலு தடவை மிதித்தால் பத்துக் கம்பியும் பத்துத் திசையில் நிற்கின்றன. தனசேகர் கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங் மாற்றினார். டூல் ரூம் ஆட்களும் கை வைத்தார்கள். பலகையே பலம் போதாமல் வளைகிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் பெடல் ஸ்டீல் வாங்கப்போகிற யாராவது இதைப் படித்தால், ஒன்று சொல்கிறேன். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். உட்காருங்கள். பெடலை மிதியுங்கள், விடுங்கள். கம்பி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று காதால் கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை. வாசிக்கத் தெரிந்த மனிதரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, ஸ்கேலும் டார்ச்சுமாக நின்றேனே... என்னை எதால் அடிப்பது?

ஆயுத பூஜைக்கு மறுநாள் மனசு கேட்காமல் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். பேரைச் சொன்னேன், தெரியவில்லை. கிடார் பார்க்க வந்ததைச் சொன்னேன்.

"ஓ... சாக்பீஸ் சாரா?"

ஆமாம்மா என்றேன். எப்படியோ மன்னிப்புக் கேட்டேன். கிடார் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டேன்.

"அது போய் ஆறு மாசம் ஆவுதுங்க. ஆரணியிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. வந்ததும் உக்காந்தாரு, வாசிச்சாரு. எங்க வூட்டுக்காரரு போனப்புறம் அன்னிக்குத்தான் அதுலேர்ந்து சத்தம் வந்துச்சி. எடுத்துக்கினு போங்கன்னு சொல்லிட்டேன்."

சரிம்மா என்று போனை வைக்கப் போனேன். அவர் விடவில்லை.

"உங்ககூட ஒருத்தர் வந்தாரே, பாக்கெட்ல கைய வுட்டுக்கினு... உள்ள வரும்போதே அவரு கையப் பாத்துட்டேங்க நானு. அவருக்குத்தான் குடுக்கணும்னு நெனச்சிக்கினுதான் காபி போடப் போனேன். அவரு குடுக்கறதக் குடுக்கட்டும்னு இருந்தேன். வந்து பாத்தா நீங்க கோடு போட்டுக்கினு கீறீங்க."



தனசேகர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. "வுடுங்க சார், நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்கிறார். திட்டினால்கூடத் தேவலை. தினமும் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்த அம்மா சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், சாம்பார் வேண்டுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன்.

தனசேகர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. அவர் மனைவி விஜி இந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடுவதில்லை என்று கேள்வி.

விஜிம்மா... இதை நீயே அவரிடம் சொல்லிவிடம்மா, உன் அண்ணனுக்குத் தைரியம் போதவில்லை.