காவிரிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்த அம்மா

அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அழுது புலம்புவதற்காக நான் இதை எழுதவில்லை. பெருமையோடு சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

அம்மா லால்குடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அண்ணன்களுக்குப் பின் ஒரே பெண்ணாகப் பிறந்தார். திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்தார். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விபத்தில் கால் முறிந்து அப்பா வீட்டோடு இருந்த காலத்தில், அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார் அம்மா. அந்த நாட்களில்கூட அவர் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர், அப்பா காலமான பிறகு ஒடுங்கிப்போனார். வாசலுக்குக்கூட வருவதில்லை. சாப்பாடு குறைந்தது. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். சிங்கப்பூரிலிருக்கும் தம்பி பெரிய டிவி வாங்கிக் கொடுத்தான். நான் பட்டுப்புடவை, காசி யாத்திரை டிக்கெட் என்று கொண்டுபோய்க் குவித்தேன். புடவை பிரிக்காமலேயே பீரோவுக்குள் போனது. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார்.

"பேசாம உறையூர் வந்து எங்களோட இருந்துடும்மா" என்றேன்.

"பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கோ. அப்பவும் இப்படியே இருந்தேன்னா வந்துடறேன்."

அந்த ஐப்பசியில் ஒரு நாள், அடுத்த வீட்டு ஜெயந்தி சைக்கிள் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது. மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் சும்மா நின்றது. ஜன்னல் வழியே பார்த்த அம்மா வெளியே வந்தாராம்.

"ஜெயந்தி, நான் இதுல ஏறிப் பாக்கட்டுமா?"

"ஓட்டத் தெரியுமாக்கா?"

"தெரியாது. சின்ன வயசுல அண்ணனுங்க ஓட்டுவாங்க, நான் பின்னாலயே ஓடுவேன். பொண்ணுக்கு எதுக்குன்னுட்டாங்க."

"ஏறுங்க. நான் புடிச்சுக்கறேன்."

விடியற்காலையில் தெரு வெறிச்சோடியிருக்கும்போது பழகினார்கள். முழங்கால் சிராய்த்துப் புண்ணானது தெரிந்து நான் ஓடினேன்.

"இந்த வயசுல தேவையாம்மா? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா?"

"விழுந்தாச்சுடி. ஒடியல" என்று வாய்விட்டுச் சிரித்தார். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அதன்பின் நான் தடுக்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் உறையூர் வீட்டு வாசலில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் அம்மா! மாம்பழச்சாலை தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, தனியாக வந்திருக்கிறார். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் வியர்வை.

"பாலத்துல எதிர்க்காத்து. பின்னால பஸ்காரன் வேற ஹாரன் அடிக்கிறான். நான் இறங்கவே இல்லை!"

என் கணவர் கைதட்டியதில் எதிர்வீட்டார்கூட வெளியே வந்துவிட்டார்கள். "அப்ப பொங்கலுக்கு இங்க வந்துடறீங்களா அத்தை?" என்று கேட்டார்.

"வரேன் மாப்ள. சாப்பிட்டுட்டு சாயங்காலமே திரும்பிடுவேன்."

பொங்கலன்று வந்து, சொன்னபடியே திரும்பியும் விட்டார்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. ஜெயந்தி தன் கணவரின் சைக்கிளை எடுத்துக்கொள்ள, இருவரும் காலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை வீதியில் சுவாமி புறப்பாடென்றால் நாதஸ்வரம் கேட்க முன்வரிசையில் நிற்பார்கள். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் எனக்கு உடனே போன் வரும். "தண்ணி வந்துடுச்சுடி! காசா பணமா, வந்து பாரு!" வெறுங்கையோடு போய், விருந்து சாப்பிட்டவர்போல் திரும்புவார். பீரோவிலிருந்த பட்டுப்புடவையை ஜெயந்தியின் மகள் கட்டிக்கொண்டாள்.

சென்ற ஆண்டு நோய் வந்தது. புத்தூர் மருத்துவமனையில் கடைசி நாட்களில், சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி, "ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வேணாம்டா. நல்லா இருந்தேன்" என்றார். அமைதியாகக் கண்மூடினார்.

அம்மாவைப் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த தெருவாருக்கும், உடன்பிறவாத் தங்கையாக நின்ற ஜெயந்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கம் விசாரிக்க வந்த உங்களில் பலர், அம்மாவைப் பற்றிப் பேசும்போது சட்டென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தீர்கள். வருத்தம் எதற்கு? அந்தச் சிரிப்புக்குத்தான் உங்களுக்கு என் முதல் நன்றி.